அறுபதை நெருங்கும் தன்பாலீர்ப்பாளர்களின் உடல்நலம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எச்.ஐ.வி. ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். வயதான தன்பாலீர்ப்பாளர்கள் எடுத்தவுடன் தங்கள் கேள்வியைக் கேட்பதில்லை. சர்க்கரை, முழங்கால் வலி என்று பேசிவிட்டு, எழுந்து போகும்போது கதவருகே நின்றுதான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எனக்கு 63 வயது. இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. இனிமேல் டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு மருத்துவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மலத்தோடு ரத்தம் போகிறது என்று ஒருவர் வந்தால், மூலம் என்று எண்ணிக் களிம்பு எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆண்களுடன் உறவு கொண்டவர் என்று தெரிந்தால் அதே மருத்துவர் பால்வினை நோய்களையும் ஆசனவாய்ப் புற்றுநோயையும் சேர்த்து யோசிப்பார். எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சொல்லாமல் விட்டால் அந்தப் பரிசோதனை நடக்கவே நடக்காது.

எப்படிச் சொல்வது என்பதுதான் பலருக்குச் சிக்கல். புறநோயாளிப் பிரிவில் ஒரே மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். அங்கே வாய் திறக்க முடியாது. "எனக்கு ஆண்களுடன் உறவு இருந்திருக்கிறது. அதற்கேற்ற பரிசோதனைகளையும் எழுதித் தாருங்கள்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஓ.பி. சீட்டுக்கு அடியில் வைத்து நீட்டிவிடுங்கள். கூட மகன் வந்திருந்தால் மருந்து வாங்கும் வரிசையில் நிற்க அவரை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவர்களுக்கான தொழில்முறை விதி.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பெரும்பாலும் அவர் உங்கள் பகுதியைச் சேர்ந்தவராகவே இருப்பார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"இதை மாற்றிவிடலாம்" என்று ஒரு டாக்டர் சொன்னார். இந்த வயதிலாவது மாற்ற முடியுமா?

முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை. தன்பாலீர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் இதைத் தெளிவுபடுத்தியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்து உத்தரவிட்டார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த மருத்துவரிடம் மறுபடி போகாதீர்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு நோய்கள் அதிகம் வருமா?

பாலீர்ப்பு காரணமாக எந்த நோயும் வருவதில்லை. அதை ஒளித்து வாழ நேர்ந்த வாழ்க்கைதான் உடம்பைப் பாதிக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியானது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட முதியவர்களிடம் உடல் இயலாமையும் மனநலக் குறைவும், புகையும் அளவுமீறிய மதுவும் மற்ற முதியவர்களைவிட அதிகம் என்று அது காட்டியது. பெண்களிடம் இதய நோய் அபாயமும் கூடுதலாக இருந்தது. அது அமெரிக்கக் கணக்கு. காரணங்களை யோசித்துப் பார்த்தால் நமக்கும் அவை அந்நியமானவை அல்ல.

1985-இல் 25 வயது இளைஞராக இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. அப்போது அவருக்கு வயது 58. இளமை முழுவதும் போலீஸ் பயம், மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் பயம், வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பீடியாலும் குவார்ட்டராலும் அடக்கியவர்கள் பலர். எண்ணூர், மணலி பக்கத்துத் தொழிற்சாலைப் புகையை வாழ்நாள் முழுவதும் சுவாசித்த நுரையீரலுக்குப் பீடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் புகையை விடுங்கள். அறுபதுக்குப் பிறகு விட்டாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பலன் உண்டு.

ஆண்மைக் குறைவுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றும் ஆகாதே?

ஆகலாம். உயிரே போகலாம். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, ஐசோசார்பைடு போன்றவை எல்லாம் நைட்ரேட் வகை மருந்துகள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளான சில்டெனாஃபில், தடாலாஃபில் ஆகியவை நைட்ரேட்டோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அன்றாடம் நைட்ரேட் சாப்பிடுபவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், தடாலாஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நாக்கடி மாத்திரையை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த இடைவெளியில் நெஞ்சு வலித்தால் 108-ஐ அழையுங்கள். வண்டியில் ஏறியதும், "இந்த மாத்திரை, இத்தனை மணிக்குச் சாப்பிட்டேன்" என்று முதலில் அதைச் சொல்லுங்கள். யாரோடு இருந்தீர்கள் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வெட்கத்தில் மாத்திரையை மறைப்பதுதான் ஆபத்து.

அறுபதுக்குப் பின் விறைப்புக் குறைவதற்கு நீரிழிவு, ரத்தக் குழாய் அடைப்பு, சில ரத்த அழுத்த மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. சில நேரம் இதய நோய்க்கான முதல் அறிகுறியே அதுதான். ஆகவே மெடிக்கலுக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் போங்கள்.

பதினைந்து வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். இப்போது சர்க்கரையும் வந்துவிட்டது. எத்தனை மாத்திரைதான் சாப்பிடுவது?

உங்கள் அலுப்பு நியாயமானது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் அதைச் செய்தார்கள். அன்று மருந்தே கிடையாது. 2004-இல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கும் வரை இந்த ஊர் எத்தனையோ பேரை இழந்தது. எச்.ஐ.வி.யோடு முதுமை அடைய முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். இப்போது பலருக்கும் தரப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. டோலுடெக்ராவிர், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். வேறிடத்தில் சர்க்கரைக்குப் பார்த்துக்கொண்டு, அங்கே கூட்டு மருந்து பற்றி வாயே திறக்காதவர்கள் பலர். இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவரின் மேசையில் வையுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் ஆன்டாசிட்டும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. கூட்டு மருந்தைச் சாப்பிட்டு 2 மணி நேரம் போன பிறகு அவற்றைச் சாப்பிடுங்கள். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் கூட்டு மருந்துக்கு 6 மணி நேரம் காத்திருங்கள். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயமும் கூடுதல். கொழுப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் கவனியுங்கள்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக உங்களிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. இதைக் கேட்டதும் என் முன்னால் அழுதவர்கள் உண்டு. தொற்றிவிடும் என்ற அச்சத்தில் பல வருடங்களாகத் துணையை விரல் நுனியால்கூடத் தொடாமல் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு வயதாகிவிட்டது. இனிமேல் எதற்கு ஆணுறை, எதற்கு டெஸ்ட்?

கிருமிக்கு வயது வித்தியாசம் தெரியாது. சிபிலிஸ் வெளியே ஒன்றும் காட்டாமல் பல வருடம் உடம்பில் இருந்து, பிறகு மூளை, கண், இதயம் என்று தாக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பென்சிலின் ஊசியில் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'த்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. பக்கத்துத் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் பதில் வேறு பகுதி மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே போவது என்று எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-இல் கேட்டால் சொல்வார்கள். எண்ணெய், வாசலின் தடவினால் ஆணுறை கிழியும். எண்ணெய் இல்லாமல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த வழவழப்புக் களிம்பே சரி.

நான் ஆண்களோடு வாழ்ந்ததே இல்லை. என் தோழியும் நானும் கொருக்குப்பேட்டையில் ஒன்றாக இருக்கிறோம். எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தேவையா?

தேவை. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்களிடம், "கல்யாணம் ஆகவில்லை என்றால் வேண்டாம்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் தோலும் தோலும் உரசுவதால் பரவும். பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் வரும். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். "திருமணம் ஆகவில்லை, ஆனாலும் எனக்குப் பரிசோதனை வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே கருவி வைத்துப் பழக்கமில்லாவிட்டால் அதையும் சொல்லுங்கள். சிறிய கருவி இருக்கிறது.

பிள்ளை பெறாதவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கட்டி, காம்பில் கசிவு, தோலில் சுருக்கம் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான்.

50 வயதைத் தாண்டிய, திருமணமாகாத, வறுமையில் வாழும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு ஓய்வூதியம் தருகிறது. தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யச் சொன்னார்கள். முன்னால் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை. அதற்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 2 நாள் விந்து வெளியேறாமல் இருப்பது நல்லது. ஆசனவாய் வழி உறவை ஒரு வாரம் தவிர்க்கலாம். இல்லாவிட்டால் அளவு பொய்யாகக் கூடித் தேவையற்ற பயத்தில் விடும். புராஸ்டேட் அறுவை சிகிச்சை என்று முடிவானால், உங்கள் உறவு எப்படிப்பட்டது என்று அறுவை மருத்துவரிடம் முன்பே பேசுங்கள். கதிர்வீச்சா, அறுவையா என்பதைப் பொறுத்து பின்விளைவுகள் மாறும். திருநங்கையருக்கு ஒரு வார்த்தை: பாலின உறுதி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புராஸ்டேட் உடம்பில் இருக்கும். வயதானால் நீங்களும் கவனிக்க வேண்டும்.

என் நண்பரும் நானும் 30 வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவரை மருத்துவமனையில் சேர்த்தால் நான் கையெழுத்துப் போட முடியுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மனதை அதிகம் கனக்கச் செய்வது இதுதான். அவசரப் பிரிவில் படிவத்தை நீட்டுவார்கள். 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவோடு நிற்கும் மனிதர் அங்கே 'நண்பர்' என்று எழுதுவார். உடனே, "ரத்த சொந்தம் யாரும் இல்லையா?" என்று கேள்வி வரும். இருபது வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் மகனுக்குப் போன் போகும்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். மனைவியோ மகனோ போட்டால்தான் செல்லும் என்பது கிடையாது. உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் நோயாளியின் சம்மதமே அடிப்படை என்று சொல்லிவிட்டது. ஆகவே அவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே கையெழுத்திடட்டும். "இவர்தான் என்னோடு இருப்பார், இவரிடம் எல்லாம் சொல்லுங்கள்" என்று நோயாளிச் சீட்டில் எழுதவைத்துவிடுங்கள். உயிர் காக்கும் அவசரத்தில் யார் கையெழுத்தும் இல்லாமல் மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம்.

நினைவு இழந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து 2023-இல் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழில் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடலாம். பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கை உயிர்காப்பை நிறுத்துவது பற்றி யார் பேச வேண்டும் என்பதை அதில் குறிப்பிடலாம். மனநலச் சிகிச்சை என்றால் இன்னும் எளிது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, வயதுவந்த யாரையும் உங்கள் பிரதிநிதியாக வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். பாலீர்ப்பைக் காரணம் காட்டி அந்தச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இறப்புக்குப் பிறகு உடலைப் பெறுவது பற்றியும் கேட்கிறார்கள். நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணையே உடலைக் கோரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தின் நகலை வைத்திருங்கள். வார்டில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீடு, வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை?

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்காவிட்டால் துணைக்கு ஒன்றும் போய்ச் சேராது. இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. துணைகளை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் அட்டை தரும்படியும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் போனது. ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான். உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வாரிசுகள் கேட்டு வரலாம்.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சியாகக் கூடாது. இந்துக்களும் கிறித்தவர்களும் தாங்கள் சம்பாதித்ததை யாருக்கும் எழுதலாம். முஸ்லிம்கள் வாரிசு அல்லாதவருக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள், ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது, அவருக்குப் பின் யாருக்கு என்பதை வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமையும் வழி என்றில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தில் பேச வேண்டி வந்தால் அது உதவும்.

மனைவி இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். இப்போது வீட்டில் சொல்லட்டுமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. சொல்லாமலே நிம்மதியாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சொன்ன பிறகு மனைவியே நெருங்கிய தோழியாகிப்போனதும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியே உறவு இருந்து, மனைவியோடும் உறவு இருந்தால், நீங்கள் பரிசோதனை செய்துகொண்டே ஆக வேண்டும். எதுவும் அறியாத அந்த அம்மாவின் உடம்பும் உங்கள் பொறுப்பு.

பிள்ளைகளுக்குத் தெரிந்து வீட்டைவிட்டு வெளியேற்றினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை ரத்துசெய்யவும் கேட்கலாம். அந்தச் சட்டம் உங்கள் பாலீர்ப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. எல்லோரும் "ஃப்ரெண்டுதானே" என்கிறார்கள். தூக்கம் வரவில்லை.

நீங்கள் இழந்தது உங்கள் துணையை. துக்க வீட்டில் ஓரமாக நின்று, ஒரு வாய் அழக்கூட முடியாமல் திரும்பியவரின் துக்கம் உடம்பில் தங்கும். பசியின்மை, எடை குறைதல், விடியற்காலை விழிப்பு, காரணமில்லாத உடம்பு வலி ஆகியவை முதியவர்களிடம் மனச்சோர்வின் அடையாளங்கள். மாத்திரையாலும் பேச்சாலும் இது தீரும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள். சென்னையில் நம்மைப் போன்றவர்களுக்காக 'சகோதரன்' போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன; "என் துணை இறந்துவிட்டார்" என்று அங்கே அப்படியே சொல்லலாம்.

நினைவு தப்பினால் எல்லாவற்றையும் உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மறதி நோய் வந்தவர்கள் பழைய பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவது உண்டு. அதைத் தடுக்க மருந்து இல்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லி வைத்தால், அந்த நேரத்தில் உங்களைக் கடிந்து பேசாமல் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருப்பார். இன்னொன்று: சாதாரணப் பவர் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் நினைவு இழந்தால் செல்லாமல் போய்விடும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

முதியோர் இல்லத்தில் சேரும்போது சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சேரும் முன், யார் வந்து பார்க்கலாம், எத்தனை மணிவரை, தனியாகப் பேச இடம் உண்டா என்று கேளுங்கள். "சொந்தக்காரர் மட்டும்" என்று சொல்லும் இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தனியாக இருக்கிறேன். ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால்?

108 எண் போனில் முதலில் இருக்கட்டும். முதியோர் உதவிக்கு 14567; பகலில் பேசலாம். சட்டைப் பையில் ஒரு அட்டை வையுங்கள்: உங்கள் பெயர், ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், முதலில் அழைக்க வேண்டியவரின் எண். அந்த எண் உங்கள் ரத்த சொந்தத்தினுடையதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டுச் சாவியின் நகல் ஒன்று அவரிடம் இருக்கட்டும்.